உள்ளே போனது என் பை மட்டும்

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் நாலு பேர் டீக்கடையில் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் ஜெயிலில்தான் போய் நிற்கும். சர்க்கரை வியாதியில் தொடங்கும், ஜெயிலில் முடியும். மருமகளில் தொடங்கும், ஜெயிலில் முடியும். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் யார் எந்தச் சிறையில் இருந்தார்கள், களி எப்படி இருந்தது, பக்கத்தில் படுத்தவர் எப்படிக் குறட்டை விட்டார் என்று ஆளுக்கொரு புராணம் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் மட்டும் டீ கிளாசின் அடியில் எதையோ தேடிக்கொண்டிருப்பேன்.

நான் ஜெயிலுக்குப் போனதில்லை. பயந்து ஒதுங்கியவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆசைப்பட்டு, மூட்டை கட்டி, வேன் படியில் கால் வைத்து, கெஞ்சிக் கூத்தாடியும் வேண்டாமென்று திருப்பி அனுப்பப்பட்ட ஒரே போராளி நான்தான். என் பை போயிருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது சாலை மறியல் என்றால் ரோட்டில் உட்காருவது மட்டுமில்லை. ரோட்டோரப் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். (பாவம், அந்த மரங்கள் எந்த வேலைக்கும் மனுப் போட்டவை அல்ல.) வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் மானாவாரிக் கொல்லை. அதில் கம்பு விதைக்க வேண்டியவன், விதைக்காமல் சங்கக் கூட்டங்களில் பேசிக்கொண்டு திரிந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பேச்சை டீக்கடைப் பேப்பரில் கற்றுக்கொண்டவன். "மாணிக்கம் பேசினா மைக்கே வேணாம், ஊரே வேணாம்" என்பாள் என் மனைவி சரோஜா. நான் அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் சங்கத்தின் ஒன்றியச் செயலாளர் பதவி காலியாக இருந்தது. அதற்கு இரண்டு பேர் ஆசைப்பட்டோம். ஒருவன் நான். இன்னொருவர் சரோஜாவின் அண்ணன், என் மச்சான் வேலு. எனக்குப் பேச்சு வரும், அவருக்கு வராது. ஆனால் அவர் ஏற்கெனவே ஒருமுறை உள்ளே போய்விட்டு வந்திருந்தார், அதுவும் ஒரு சுற்று பருத்து. "ஜெயிலுக்குப் போனவங்களுக்குத்தான் முன்னுரிமை" என்று மேலே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே அடுத்த மறியலில் நான் கைதானால்தான் உண்டு. இல்லையென்றால் காலமெல்லாம் மச்சானுக்குச் சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கல்யாணத்துக்கு வந்த ரெக்சின் பையை எடுத்தேன். லுங்கி, சோப்பு, பல்பொடி, ஒரு தலையணை உறை. (தலையணையை அரசாங்கம் கொடுக்கும் என்று நம்பிக்கை.) சரோஜா அடுப்படியிலிருந்து கேட்டாள்: "எத்தினி நாளுன்னு சொன்னீங்கன்னா, அதுக்குத் தகுந்த மாதிரி முறுக்கு சுடுவேன்."

மறியலில் ஒரு மந்திரியின் கொடும்பாவியை எரிப்பதாகத் திட்டம். அதைச் செய்யும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். எரிப்பவனைத்தானே முதலில் பிடிப்பார்கள்? களத்துமேட்டில் உட்கார்ந்து வைக்கோலைத் திரித்துக் கை கால் கட்டி, கிழிந்த சாக்கை உடம்பில் சுற்றி, வெள்ளைத் துணியில் தலை செய்து கரியால் முகம் எழுதினேன். கோரைப்பல் நன்றாக வந்தது. மீசைக்கு மாதிரி வேண்டுமே, எனக்குத் தெரிந்த ஒரே மீசை சவரக் கண்ணாடியில் பார்த்த என் மீசைதான். அதையே முறுக்கி எழுதினேன்.

என் பிள்ளைகள் இரண்டும் பக்கத்தில் குந்தி வேடிக்கை பார்த்தன. பெரியவள் மலர், இரண்டாம் வகுப்பு. சின்னவன் செல்வம், பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவதாக மிரட்டப்பட்டுக்கொண்டிருந்த வயது. மலரைப் பற்றி வீட்டில் எப்போதும் ஒரு புகார் உண்டு. பென்சில், ரிப்பன், சோற்றுப் பாத்திரம், எது கொடுத்தனுப்பினாலும் யாரிடமாவது கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவாள். பங்கு கேட்டு நான் ஊர் ஊராகத் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாருப்பா இவரு?" என்றாள் மலர்.

"மந்திரி. நமக்குச் சேர வேண்டியத குடுக்க மாட்டேங்கறாரு."

"எரிச்சா குடுத்துடுவாரா?" என்றான் செல்வம்.

இப்படிப்பட்ட கேள்வி வந்தால் மேடையில் தண்ணீர் குடிப்பது வழக்கம். நான் போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஆவணி பிறந்தும் அந்த வருஷம் மழை இல்லை. கல்வராயன் மலைமேல் கருக்கும், வெள்ளிமலையில் கொட்டும், அங்கேயே தீர்ந்துவிடும். எங்கள் பக்கத்தில் இப்படி வானம் காய்ந்தால் வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருவில் இழுத்துப் போவார்கள். பெண்கள் அதைச் சுற்றி மாரடித்து அழுவார்கள். மழை வரும் என்பது நம்பிக்கை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், பகுத்தறிவு பேசுகிற அவசரத்தில் மறந்துவிட்டேன். மறியலுக்கு முந்தின நாள் பொழுது சாயும் வேளையில், மந்திரியின் இடுப்பில் கயிறு கட்டி, களத்திலிருந்து வீட்டுக்குத் தெருவோடு இழுத்துக்கொண்டு வந்தேன். நாளைக்கு இழுப்பதற்கு ஒத்திகையாகவும் இருக்கட்டும் என்று கோஷம் வேறு போட்டேன்.

முதல் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரி வைத்தாள். அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேர். தெருவின் பாதியைத் தாண்டுவதற்குள் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் மாரடித்துக்கொண்டு என் பின்னால் வந்தார்கள். "இது அது இல்லீங்க, இது அரசியல்" என்று கத்திப் பார்த்தேன். "எதுவா இருந்தா இன்னாப்பா, நீ பாட்டுக்கு இழு" என்றாள் ஒருத்தி, அழுகைக்கு நடுவே. வீட்டு வாசலில் அதைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

மழை பிடித்துக்கொண்டது. ஊரே தெருவில் இறங்கி நனைந்தது. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. வைக்கோல் நனைந்தால் நாளைக்கு எப்படி எரியும்? எரியாவிட்டால் எப்படிக் கைதாவது? "சனியன் பிடிச்ச மழை" என்று நான் சொன்னதைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதே எரிச்சலோடு குடையை எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போய்விட்டேன்.

விடிந்ததும் பார்த்தால் கொடும்பாவி வாசலில் இல்லை. மாட்டுக்கொட்டகையில், தலையிலிருந்து கால்வரை கோணிப்பை போர்த்திப் படுத்திருந்தது. வைக்கோல் நனையாமல் இருக்க சரோஜா செய்த ஏற்பாடு என்று நினைத்து, அவளுடைய அரசியல் அறிவை மனத்துக்குள் மெச்சினேன். அவளோ விடியலிலேயே விதைக் கம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போயிருந்தாள். நான் கோணியோடு சேர்த்து அப்படியே தூக்கி, வாடகைக்குப் பேசியிருந்த மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். தூறல் நிற்கவில்லை.

மறியல் நடக்கும் முக்கூட்டு ரோட்டுக்குப் போனால் அங்கே நூற்றுக்கணக்கில் நிற்க வேண்டிய கூட்டத்தில் ஒரு வேனுக்குத்தான் ஆள் தேறும்போலிருந்தது. மழை பெய்துவிட்டதே, மற்றவர்கள் எல்லாரும் விதைக்கப் போய்விட்டார்கள். போராட்டத்தை அரசாங்கத்தால் ஒடுக்க முடியவில்லை. நான் வரவழைத்த மழை ஒடுக்கிவிட்டது. மச்சான் வேலு மட்டும் தலையில் துண்டு போட்டுக்கொண்டு, அனுபவசாலியின் சிரிப்போடு நின்றார். போலீஸ் வேன் தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஜன்னல் வழியாக என் ரெக்சின் பையை உள்ளே போட்டு ஒரு சீட்டைப் பிடித்தேன், டவுன் பஸ்ஸில் துண்டு போடுவோமே, அதேபோல. (இடஒதுக்கீட்டில் அன்றுவரை எனக்கிருந்த அனுபவம் அவ்வளவுதான்.)

பிறகு மாட்டுவண்டிமேல் ஏறி நின்று பேசினேன். "நம் வயிற்றில் அடித்தவன் எவனோ, நம் பிள்ளைகளின் படிப்பைப் பறித்தவன் எவனோ, அந்தப் பாவியின் முகத்தை இதோ பாருங்கள்" என்று சொல்லிக் கோணியை உருவினேன்.

கூட்டம் பார்த்தது. நான் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கைதட்டல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

வண்டியில் நான் படுத்திருந்தேன்.

என் கல்யாணச் சட்டை. கிளிப்பச்சையில் பெரிய பெரிய பூப் போட்டு, யானைக்காது மாதிரி காலர் வைத்தது. மணலூர்பேட்டை வரைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் போடுவது அதைத்தான்; ஆளைத் தெரியாதவர்களுக்கும் சட்டையைத் தெரியும். கழுத்துப் பொத்தான்வரை ஒழுங்காகப் போட்டிருந்தது. நெற்றியில் விபூதி. மழையில் கோரைப்பல் அழிந்துபோன இடத்தில் யாரோ புதிதாகக் கரியெடுத்து ஒரு புன்சிரிப்பு வரைந்திருந்தார்கள். மீசை ஏற்கெனவே என்னுடையது.

"இன்னா மாப்ள," என்றார் வேலு, நிதானமாக. "உன்னயே எரிக்கச் சொல்றியா? எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

அதற்குள் விதைப்புக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். மழையைக் கொண்டுவந்த சாமியை எரிப்பதாவது என்று சண்டை. ஒருத்தி தன் தலைப்பூவை எடுத்து அதன் காதில் செருகினாள். நான் தீப்பெட்டியை உரசினேன், நமுத்துப்போயிருந்தது. இன்னொரு குச்சி பற்றுவதுபோலிருந்தபோதுதான், எரியப்போவது என் ஒரே நல்ல சட்டை என்று உறைத்தது. புரட்சியா சட்டையா என்று ஒரு கணம் யோசித்தேன். தீப்பெட்டியை மடியில் செருகிவிட்டு, மந்திரியின் பொத்தானைக் கழற்ற உட்கார்ந்தேன்.

"அப்பா, கழட்டாத. அவருக்குக் குளிரும்."

மலர். வண்டிக்குப் பின்னாலேயே தம்பியோடு நடந்து வந்திருக்கிறாள். என் குடையை விரித்து, எட்டி, எனக்கில்லை, அதற்குப் பிடித்தாள். தான் முழுக்க நனைந்திருந்தாள். செல்வம் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, சட்டைப் பை பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். முந்தின நாள் நான் கூட்டத்துக்குப் போன பிறகு, மழையில் சட்டையில்லாமல் கிடந்த ஆளைப் பார்த்து மனசு கேட்காமல் இரண்டும் சேர்ந்து கொட்டகைக்கு இழுத்துப் போய்ச் சட்டை மாட்டிவிட்டிருக்கின்றன. அவர் கெட்டவர் ஆயிற்றே என்று யாரோ கேட்டதற்கு மலர் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "கெட்டவங்கன்னா நனையட்டும்னு வுட்டுடுவாங்களா?"

இன்ஸ்பெக்டர் வந்தார். சிரிப்பை அடக்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டே மற்றவர்களை வேனில் ஏற்றினார். நானும் ஓடிப்போய்ப் படியில் கால் வைத்தேன். அவர் என் தோளைப் பிடித்து இறக்கினார்.

"சார், என்னையும் கைது பண்ணுங்க சார். கொடும்பாவி கொண்டாந்ததே நான்தான்."

"எரிச்சியா?"

"எரிக்கப் பாத்தேன் சார்."

"உன் சட்டய நீ எரிக்கப் பாத்ததுக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போடறது? பிள்ளைங்க நனையுது பாரு. கூட்டிக்கினு வூட்டுக்குப் போய்யா."

வேன் கிளம்பியது. என் சீட்டில் என் பை உட்கார்ந்து போனது. பக்கத்துச் சீட்டில் வேலு, ஜன்னல் வழியாக, "முறுக்க பத்தி ஒண்ணும் கவலப்படாத மாப்ள" என்றார்.

வண்டிக்காரரும் விதைக்க வேண்டுமென்று மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். வைக்கோல் மந்திரியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். பதவி போயிற்று, மானம் போயிற்று, லுங்கியும் போயிற்று. கொஞ்ச தூரம் போனதும் மலர் அந்தக் கோணியை எடுத்து என் தலையில் முக்காடாகப் போட்டுவிட்டாள். குடை இன்னும் அவருக்குத்தான். செல்வம் நிற்கச் சொல்லி, அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தான். அவருக்குப் பசிக்குமே என்று முந்தின நாளே வைத்தது. நமுத்திருந்தது. மூன்றாக உடைத்து, பெரிய துண்டை என்னிடம் கொடுத்தான்.

"நீ ஜெயிலுக்குப் போலன்னு அழுவாதப்பா."

நான் அழவில்லை. மழைத் தண்ணி. ஆனாலும் அதைத் தின்றேன். ரோட்டோரப் பள்ளமெல்லாம் செம்மண் தண்ணீர் ஓடியது. இரண்டும் ஒரு பள்ளம் விடாமல் குதித்தன. மூன்றாவது பள்ளத்தில் நானும் குதித்தேன், தோளில் மந்திரியோடு. வாழ்க்கையில் மழையை முதல்முதலாகக் கவனித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். எதிரே வந்தவர்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல மழை.

வேலு ஒன்றியச் செயலாளர் ஆனார். ஜெயிலிலிருந்து வந்த என் பையில் சோப்பு மட்டும் தேயாமல் இருந்தது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது, "மாப்ளயோட பையும் நானும் ஒண்ணா உள்ள இருந்தோம்" என்பார்.

மந்திரியின் சட்டையைக் கழற்ற விடாமல் பிள்ளைகள் அழுததால், சரோஜா அவரைக் கம்புக் கொல்லையில் குருவி விரட்ட நட்டுவிட்டாள். அந்த அறுவடைவரை கிளிப்பச்சைச் சட்டையில் சிரித்துக்கொண்டே நின்றார். "கொல்லையில நீங்க இத்தினி நாள் சேர்ந்தாப்புல நின்னது இப்பத்தான்" என்றாள். மணலூர்பேட்டைச் சொந்தக்காரர் ஒருவர் பஸ்ஸிலிருந்து கும்பிட்டாராம். நான் கையைக்கூட இறக்காமல் திமிராக நின்றேனாம். ரொம்ப நாள் எங்கள் வீட்டு விசேஷத்துக்கே அவர் வரவில்லை.

மலர் இப்போது வேலூரில் நர்ஸ். எங்கள் பக்கம் மழை என்று கேள்விப்பட்டால் உடனே போன் வரும். நலமா, சாப்பிட்டாயா எல்லாம் அப்புறம். முதலில் ஒரே கேள்விதான்:

"சட்ட போட்டுக்கினியாப்பா?"

"போட்டுக்கினேம்மா," என்பேன். "முறுக்கும் இருக்குது."