பின் சீட்டைக் கவனிக்காத தியானம்

திண்டுக்கல்,
திங்கட்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

என் மரியாதைக்கும், கடந்த நாலு நாளாக என் பயத்துக்கும் உரிய மச்சான் முகமது பாரூக் அவர்களுக்கு, தங்கள் தங்கை மாப்பிள்ளை சனாவுல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எல்லாரும் என்று சொல்ல இங்கே நான் ஒருவன்தான் இருக்கிறேன், நானும் சுகமில்லை. இந்த வீட்டின் சுகம் வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து திருச்சியில் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. சைதூன் மதினிக்கு என் சலாம். உங்கள் தங்கை நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை; ஆனாலும் கேட்டுவிட்டேன்.

இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். உங்கள் நம்பருக்கு இரண்டு தடவை அடித்தேன். இரண்டு தடவையும் ஹாஃபிஸாதான் எடுத்தாள். நான் சத்தமில்லாமல் வைத்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, கட்டிய பெண்டாட்டியின் 'அலோ'வைக் கேட்டுப் போனை வைக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். அதனால்தான் தபால். இதை நீங்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். படித்ததும் கிழித்துவிட வேண்டும். ஹாஃபிஸாவின் கண்ணில் இதன் ஓர் எழுத்துகூடப் பட்டுவிடக் கூடாது.

அவள் உங்களிடம் எவ்வளவு சொல்லியிருக்கிறாளோ எனக்குத் தெரியாது. என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் கோபம் உங்களுக்குத் தெரியும். ரம்ஜான் முடிந்த கையோடு, தோல் மண்டியில் லோடு ஏற்ற வந்த டிரைவரைப் பார்த்து நான் கத்திய கத்தலில் எனக்கே கண் இருட்டிக்கொண்டு வந்து உப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, மாத்திரை மட்டும் போதாது பாய், மனசை அடக்கப் பழகுங்கள் என்று கிளெமென்ட் சாரிடம் அனுப்பினார். கிளெமென்ட் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் சாயந்தரம் தியான வகுப்பு நடத்துகிறார். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லவில்லை. மூச்சைக் கவனியுங்கள், உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனியுங்கள், ஒரு நினைப்பு வந்தால் அதன் பின்னாலேயே ஓடாதீர்கள், 'வரட்டும், போகட்டும்' என்று விட்டுவிடுங்கள் என்றார். வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் மண்டியிலேயே நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். மச்சான், உப்புப் போட்டு அடுக்கிய ஆட்டுத்தோலுக்கு நடுவில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்த முதல் வியாபாரி நானாகத்தான் இருப்பேன். இத்தனை வருஷமாக அந்த வாடையைக் கவனிக்காமல் இருந்துதான் நான் பிழைத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ராணிப்பேட்டையிலிருந்து சரக்குப் பார்க்க வந்திருந்த பார்ட்டியின் செருப்பு மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். சரக்குக் கெட்டுப்போச்சோ என்று அந்த ஆள் விலையைக் குறைத்துக் கேட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நிதானமாக நடக்க வேண்டும், பாதம் தரையில் படுவதை உணர வேண்டும் என்று சார் சொன்னதற்காக, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து வந்தேன். பாய்க்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று இரண்டு பேர் என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டுவிட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை, தியானம் பண்ணுகிறேன் என்று நான் சொன்னதை ஆட்டோக்காரர், "வாய் குழறுது, சீக்கிரம் ஏத்துங்க" என்று எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலுக்கு ஹாஃபிஸா செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருந்தாள். விஷயம் தெரிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்காவது நான் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கோபம் வராமல் ஆட்டோவில் வந்தேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். எழுதவே கை கூசுகிறது. அகரத்தில் நம் காமராஜ் மகளுக்குக் கல்யாணம். காமராஜை உங்களுக்குத் தெரியும், பக்ரீத்துக்கு நமக்குக் கிடாய் கொண்டுவந்து தருகிறவர். காலையில் ஸ்கூட்டரில் நானும் ஹாஃபிஸாவும் கிளம்பினோம். அவள் ஏறியதிலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். நான் மூச்சைக் கவனித்துக்கொண்டே வந்தேன். அவள் குரல் காதில் விழுந்தது. அதன் பின்னால் ஓடக் கூடாதல்லவா, அதனால் 'வரட்டும், போகட்டும்' என்று விட்டுக்கொண்டே வந்தேன். முன்னெல்லாம் என்றால், "சும்மா வர்றியா, வண்டி ஓட்டவா வேணாமா?" என்று கத்தியிருப்பேன். அன்றைக்குக் கத்தவில்லை. அதுவே பெரிய முன்னேற்றம் என்று நினைத்தேன். தாடிக்கொம்புக்கு முன்னால் ஒரு பங்கில் பெட்ரோல் போட நிறுத்தினோம். அவள் இறங்கி, "செத்த நில்லுங்க, பாத்ரூம் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று சொன்னாளாம். நான், "வரட்டும், போகட்டும்" என்றேனாம். பெட்ரோல் போட்டதும் கிளம்பிவிட்டேன்.

மச்சான், வண்டி இலேசாக ஓடியது. அதையும் கவனித்தேன். தியானத்தினால் பாரம் குறைகிறது என்று நினைத்தேன்.

கல்யாண வீட்டு வாசலில் காமராஜ் சம்சாரம் பழனியம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு நின்றது. "வாங்கண்ணே, வாங்க. மதினி எங்கண்ணே?" என்றது. நான் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தேன். பதற்றத்தில் வாயில் வந்தது, "பின்னாலதான் இருக்கா" என்பதுதான். பழனியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "பின்னால யாரும் இல்லையேண்ணே" என்றது. பந்திக்குப் போய்க்கொண்டிருந்த அத்தனை பேரும் நின்று, அந்தக் காலி சீட்டைப் பார்த்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து பார்த்தேன்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு பங்குக்கு வந்தால் அவள் இல்லை. பெட்ரோல் போடுகிற பெண், சுகன்யா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது, என்னைப் பார்த்து, "என்ன கலர் சேலைங்கய்யா?" என்று கேட்டது. எனக்குத் தெரியவில்லை. தோலைத் தொட்டுப் பார்த்தே அது எந்தப் பக்கத்து ஆடு என்று சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிற நான், காலையில் எனக்குப் பக்கத்திலேயே நின்று கட்டிய சேலை என்ன நிறம் என்று தெரியாமல் அந்தப் பிள்ளை முன்னால் நின்றேன். "பச்சை" என்று குத்துமதிப்பாகச் சொன்னேன்.

"பச்சையில யாரும் வரலைங்கய்யா. அரக்குக் கலர்ல ஒரு அம்மா நின்னாங்க. ரொம்ப நேரமா ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. யாரைம்மா தேடுறீங்கன்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரர் தியானத்துல இருக்காரு, முடிஞ்சா வருவாருன்னு சொன்னாங்க. அப்புறம் பூ லோடு வண்டி ஒண்ணு வந்துச்சு, அதுல ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாங்க."

அதை அவள் சிரித்துக்கொண்டா சொன்னாள், அழுதுகொண்டா சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போனை எடுத்தேன். வகுப்பில் சொன்னபடி அதை அணைத்து வைத்திருந்தேன். உயிர் கொடுத்ததும் அவளே கூப்பிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் திருச்சி பஸ்ல இருக்கேன். வண்டியில வரும்போது அம்புட்டுத் தூரம் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லிக்கிட்டு வந்தேன்ல, அது என்னன்னு சொல்லுங்க. சொன்னா அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பி வாரேன்" என்றாள். நான், "ம்..." என்றேன். "இதைத்தான் வண்டியிலயும் சொன்னீங்க" என்று வைத்துவிட்டாள்.

கோபத்தில் நேராகக் கிளெமென்ட் சார் வீட்டுக்குப் போனேன். உள்ளே அவர் சம்சாரம் அவரைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தது. பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறது. அவர் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. கரித்துணியும் கையுமாக நின்றவர் என்னைப் பார்த்து, "வாங்க பாய், உங்களுக்கும் ஏதாச்சும் பொங்கிருச்சா?" என்றார். அவரிடம் என்ன சண்டை போடுவது?

மதுரையில் மகள் நர்கீஸுக்குப் போன் போட்டு, உன் அம்மா என்னிடம் சொன்னது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும்த்தா. ஆனா அம்மா உங்ககிட்டதானே சொன்னாங்க, என்கிட்ட ஏன் கேக்குறீங்க?" என்றுவிட்டது பிள்ளை.

நாலு நாளாக ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பார்க்கிறேன். 'இனிமே தள்ளிப்போட முடியாது' என்று ஒன்று வருகிறது. 'டாக்டர்' என்று ஒரு சொல் கேட்டதா, பயத்தில் நானாகச் சேர்த்துக்கொள்கிறேனா என்று தெரியவில்லை. மச்சான், அவள் உடம்புக்கு ஏதாவதா? நெஞ்சு வலியா? அதைச் சொல்லவா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்புட்டுத் தூரம் பேசிக்கொண்டு வந்தாள்? ராத்திரி மாத்திரை போட்டாலும் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் பங்கில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள். 'போகட்டும்' என்றால் போகமாட்டேன் என்கிறாள்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். அவளுக்குத் தெரியாமல் மெல்ல விசாரித்து, அவள் என்னிடம் சொன்னது என்ன என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். எனக்கே ஞாபகம் வந்தது மாதிரி நான் போனில் சொல்லிக்கொள்கிறேன். இது ஏமாற்றுத்தான். தெரிந்துதான் கேட்கிறேன், வெட்கத்தோடு கேட்கிறேன். உங்கள் தங்கையை என்னை நம்பி ஒப்படைத்தீர்கள். அவளை நான் எங்கே விட்டுவிட்டு வந்தேன் என்று ஊருக்கே தெரியும்.

அல்லாஹ் உங்களுக்கும் மதினிக்கும் நீண்ட ஆயுளையும் குறைவில்லாத சுகத்தையும் தருவானாக. எனக்குக் கொஞ்சம் புத்தி தரச் சொல்லி நீங்களும் துஆ செய்யுங்கள்.

தலைகுனிந்து,
சனாவுல்லா

பின்குறிப்பு: இப்போதுதான் நர்கீஸ் மனசு இளகிப் போன் செய்தது. உங்களுக்கு வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறதாம். அதை இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொன்னதையும், நாம் இரண்டு பேரும் போய்ப் பத்து நாள் கூட இருந்து பார்த்துக்கொள்வோமா என்று கேட்டதையும்தான் ஹாஃபிஸா வண்டியில் சொல்லிக்கொண்டு வந்தாளாம். கண்ணில் கட்டோடு இருக்கிற மனிதரைத்தான் 'தனியாக உட்கார்ந்து படியுங்கள்' என்று இவ்வளவு நேரம் கெஞ்சியிருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வருகிற தபாலையெல்லாம் சத்தமாக வாசித்துச் சொல்வது ஹாஃபிஸாதானாம். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று புதுத் தாளை எடுத்தேன். அது என் மானத்தைக் காப்பாற்றுகிற கடிதமாகத்தான் வந்தது. அதனால் இதையே போடுகிறேன்.

ஹாஃபிஸா, இதுவரைக்கும் அண்ணனுக்காகச் சத்தமாக வாசித்திருப்பாய். இனி உள்ளதை உனக்குள்ளேயே வாசி. பதில் எனக்கு இப்போது தெரியும், ஆனால் அது பிள்ளை சொல்லிக்கொடுத்தது. அதை வைத்து உன்னைக் கூப்பிடமாட்டேன். நாளன்றைக்கு நான் பஸ்ஸில் வாரேன். அண்ணனுக்குக் கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அங்கேயே இருப்போம். நீ வண்டியில் சொன்னதை முதலிலிருந்து ஒரு தடவை சொல்லு. நான் எதிரே உட்கார்ந்து கேட்கிறேன்.