சந்தனம் வைத்த சர்வர்

சிரஞ்சீவி கார்த்திகேஷுக்கு, கோச்சடையிலிருந்து துளசிராம் மாமா பயந்துகொண்டே ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உன் அத்தை ராதாமணி சௌக்கியம். நானும் நேற்றுக் காலை வரை சௌக்கியம்.

நீ வேலை பார்க்கும் முத்துமீனா மேடத்தின் ரத்தப் பரிசோதனை லேப் சர்வரை நம் வீட்டு முன்னறையில் வைத்துவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து அதைப் பார்த்துக்கொள்ள மூன்று வழி சொன்னாய். ஒன்று, நீ அங்கிருந்தே திரையைப் பார்க்கவும் தட்டவும் சர்வருக்குள்ளேயே மாட்டும் தனிக் கார்டு. இரண்டு, வெளியே வயரில் செருகி அதே திரையையும் கீபோர்டையும் உன்னிடம் கொண்டுவரும் கைப்பெட்டி. மூன்றாவது, திரையைப் பார்த்துப் போனில் வாசித்துச் சொல்லும் நான். "கைப்பெட்டி போதும் மாமா, நீங்க சும்மா இருங்க" என்றாய். சும்மா இருந்திருக்கலாம்.

நேற்று சரஸ்வதி பூஜை. பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை யாரும் தொடக் கூடாது. நீ கோயம்புத்தூரிலிருந்து தொட்டுவிட்டால் என்ன செய்வது என்று, கைப்பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். சர்வருக்குச் சந்தனம் வைக்கும்போது, வயர் இருந்த துளை வெறிச்சென்று தெரியவே, அதற்கும் ஒரு பொட்டு வைத்தேன். இன்று வயரைச் செருகப் போனால் சந்தனம் காய்ந்து கல்லாகிவிட்டது. பல்குச்சியால் நோண்டினேன். குச்சி முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. பச்சை விளக்கு ஆரஞ்சு ஆகிவிட்டது. பயமாயிருக்கு மாப்ள. மேலூர், திருமங்கலம் கிளை ரத்த ரிப்போர்ட்டெல்லாம் இதுக்குள்ளதானே கிடக்கு, யாருக்கோ சுகர் எம்புட்டுன்னு தெரியாம டாக்டர் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கப்போறார், மேடம் உன்னைய வேலைய விட்டு நிறுத்தப்போறாங்க, எங்க அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது. ராதாமணியோ, "சாமி பேரைச் சொல்லிப் புள்ள பொழப்பக் கெடுத்துட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் பொரி சாப்பிடப் போய்விட்டாள்.

போனில் பேசினால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இந்தச் சர்வரிலேயே தட்டுகிறேன். கடையில் அச்செடுத்துக் கூரியரில் அனுப்புவேன். உனக்குக் கிடைக்க மூன்று நாள் ஆகும். அதற்குள் குச்சியை எடுத்துவிட்டால் சொல்கிறேன், பிரிக்காமலே கிழித்துவிடு. எப்படியானாலும் உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

மீனாட்சி உன் வேலையைக் காப்பாற்றட்டும்.

உன் மாமா,
துளசிராம்

பி.கு.: கையெழுத்துப் பெயரைத் தட்டி முடித்ததும் திரையில் அம்பு தானாக நகர்ந்தது. கீழே இருப்பதை நான் தட்டவில்லை.

மாமா, முதல்ல சொன்னேனே, அந்தக் கார்டையும் உள்ள மாட்டித்தான் வச்சிருக்கேன். ரிப்போர்ட்டெல்லாம் நேத்தே டாக்டர்களுக்குப் போய்ச் சேந்திருச்சு. குச்சிய விட்டுருங்க, நான் வாரேன். கூரியர் வேணாம், நீங்க தட்டத் தட்டப் படிச்சாச்சு. அம்மாதான் சத்தமா வாசிச்சாங்க.