படகு இயந்திர வெப்ப நிவாரண விளக்கம்

விஞ்ஞானத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்த மகான்கள் பலர். அதை அடையாற்றின் நடுவே கொண்டுபோய் நிறுத்திய பெருமை மயிலாப்பூர் சௌரிராஜன் ஒருவரையே சேரும்.

1934-ஆம் வருஷம் அவர் எழுதி முடித்த நூலின் பெயர் 'படகு இயந்திர வெப்ப நிவாரண விளக்கம்'. படகின் பின்புறம் மாட்டும் மோட்டார், கீழ்வாயால் ஆற்றுநீரை உறிஞ்சுகிறது. அந்த நீர் எஞ்சினைச் சுற்றி வந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, பின்பக்கத் துளை வழியே கொட்டுகிறது. விஷயம் இவ்வளவுதான். இதை நூற்றிருபது பக்கத்துக்கு வளர்த்ததில்தான் அவருடைய மேதை விளங்கியது. அப்படியொரு மோட்டாரை அவர் கண்ணால் கண்டதில்லை. அதனால் அவர் கருத்துகளில் கலப்படம் சேரவில்லை.

குறை ஒன்றே ஒன்று: முன்னுரை. தலைவரின் முன்னுரை இல்லாத நூலை அச்சுக்கு அனுப்புவதில்லை என்று 'மயிலை சாஸ்திரத் தமிழ்ச் சங்க'த்தில் தீர்மானம் இருந்தது. அதை முன்மொழிந்தவர் சௌரிராஜன்.

தலைவர் கான் சாகிப் அப்துல் வஹீத், அடையாற்றங்கரையில் வீடும் புது மோட்டார் படகும் உடையவர். இரண்டு வருஷம் நடையாய் நடந்த பிறகு இசைந்தார். "உங்க புஸ்தகப்படி என்னை இந்தப் படகுல அக்கரைக்குக் கூட்டிக்கினு போய்க் காட்டுங்க ஐயங்காரே. பாத்துட்டு எழுதறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை. கான் சாகிப் படகில் அமர்ந்தார். படகோட்டி லாசர் மோட்டாரைச் சாய்த்துத் தூக்கி வைத்திருந்தான். கலங்கலான ஆற்றைக் கண்டதும் சௌரிராஜன் மனம் பதறியது. அவர் வீட்டில் கார்ப்பரேஷன் குழாய்க்கே இரண்டு மடிப்புத் துணி கட்டியிருக்கும், வெள்ளிக்கிழமைதோறும் மாற்றுவார்கள். சீமையிலிருந்து வந்த எஞ்சின் இந்தச் சேற்றையா குடிப்பது? உத்தரீயத்தின் ஓரத்தைக் கிழித்து, நான்காக மடித்து, மோட்டாரின் கீழ்வாயில் இறுகக் கட்டினார்.

"இன்னா சாமி, அதும் வாயைக் கட்டிக்கினு கீறீங்க?"

"வடிகட்டி."

"அதுலயே சல்லடை கீது சாமி. துணி வோணாம். சேறு அப்பிக்கும்."

"இதைப்பத்தி ஏதாவது வாசிச்சிருக்கியோ?"

"வாசிக்கத் தெரியாது. தெனம் ஓட்டிக்கினு கீறேன்."

"அதான் பார்த்தேன்" என்றார் சௌரிராஜன், பரிவோடு.

படகு கம்பீரமாகக் கிளம்பியது. நடு ஆற்றில் லாசர் மோட்டாரை எட்டிப் பார்த்தான்.

"சாமி, பின்னால தண்ணி ஊத்தல. நிறுத்தட்டுமா?"

"கூடாது. இதுக்குன்னே ஒரு விதி எழுதியிருக்கேன்." சௌரிராஜன் கைப்பிரதியைப் புரட்டி, எழுபத்து மூன்றாம் பக்கத்தைக் கணீரென்று வாசித்தார். "'புறத்வார நீர்ப்பிரவாஹம் நிரோதமுறின், யந்திர சலனத்தைத் தத்க்ஷணமே ஸ்தம்பிக்கச் செய்க.'"

"அப்டின்னா?" என்றார் கான் சாகிப்.

சௌரிராஜன் மறுபடி மௌனமாக வாசித்தார். எழுதியது தாமே என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அந்தச் சொற்களை உண்டாக்கச் சங்கம் மூன்று முறை கூடியதும் நினைவிருந்தது. பொருள் மட்டும் கைவசம் இல்லை. அகராதி வீட்டில் இருந்தது.

"கருகுற வாசனை வருதே ஐயங்காரே. கபாப் மாதிரி."

"எனக்கு அந்த வாசனை பரிச்சயமில்லை, சாகிப். ஒரு நிமிஷம். 'நிரோதம்'னா நின்னுபோறது. ஆக, தண்ணி நின்னு போனா, எஞ்சினை உடனே..."

எஞ்சின் தானே நின்றது. விதியை ஆசிரியருக்கு முன்பே அது புரிந்துகொண்டுவிட்டது.

லாசர் துடுப்பை எடுத்தான். கரை சேர்ந்ததும் துணியை அறுத்துப் பிரித்தான். அதன் மேல் ஒரு கைப்பிடிச் சேறு. "எவ்வளவு நன்னா வடிகட்டியிருக்கு, பார்த்தேளா" என்றார் சௌரிராஜன். கான் சாகிப் படகைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், வீட்டுக்குள் போய்விட்டார்.

ஒரு வாரத்தில் முன்னுரை வந்தது. ஒரே வரி: 'ஐயங்கார், லாசர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.'

முன்னுரையில் கைவைக்கச் சங்க விதி இடம் தரவில்லை. அது இல்லாமல் அச்சிடத் தீர்மானம் இடம் தரவில்லை. நூல் அந்த வரியோடுதான் வெளிவந்தது. வந்த அன்றே சௌரிராஜன் அட்டை முதல் அட்டை வரை படித்தார். அகராதியைத் தொடாமல் அவருக்குப் புரிந்த வரி அது ஒன்றுதான்.