நூற்றுக்கு நூறு வண்டி

ஆம்புலன்ஸ் என்பது எந்நேரமும் தயாராக இருக்க வேண்டிய வண்டி. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள அவசர ஊர்தி நிலையத்துக்குப் புதிதாக வந்த தயார்நிலை அதிகாரிக்கும் கிடையாது. மற்றவர்களைவிட அவர் அதைக் கொஞ்சம் கூடுதலாக நம்பினார். அவ்வளவுதான்.

வந்த அன்றே நூறு மதிப்பெண்ணுக்கு ஒரு படிவம் போட்டார். ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருந்தால் இருபது. டீசல் வாய் வரைக்கும் இருந்தால் இருபது. ஸ்ட்ரெச்சர் விரிப்பில் சுருக்கம் இல்லாவிட்டால் பத்து, டயரில் சேறு இல்லாவிட்டால் பத்து. இப்படியே போயிற்று. ஓட்டுநரும் நர்சம்மாவும் மூன்று நாள் மாய்ந்து மாய்ந்து துடைத்தார்கள். நூற்றுக்கு நூறு! வாசலில் பலகை வைத்தாகிவிட்டது.

நாலாம் நாள் காலை போன் அடித்தது. தையல்காரர். மனைவிக்குப் பிரசவ வலி. ஓட்டுநர் சாவியை எடுத்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?" என்றார் அதிகாரி.

"பிரசவம், சார்."

"நம்ம வண்டியிலயா?"

"பின்னே, உருட்டிக்கிட்டா சார் வர முடியும்?"

அதிகாரி படிவத்தை விரித்தார். "போயிட்டு வந்தா ஆக்சிஜன் குறையும், டீசல் குறையும், விரிப்பு கசங்கும், டயர் சேறாகும். மார்க் நாற்பதுக்கு இறங்கிடும். அந்த நேரம் பார்த்து ஒரு அவசரம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"சார், இதுதான் அந்த அவசரம்," என்றார் நர்சம்மா.

"இது ஒரே ஒரு அவசரம்மா. நாம தயாரா இருக்கிறது எல்லா அவசரத்துக்கும்!"

இதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு அவர்கள் இருவரும் படித்தவர்கள் இல்லை. தெருவில் காய்கறிக்காரர் தன் மினி வேனை நிறுத்தி எனக்குத் தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தார். நர்சம்மா பையோடு பின்னால் ஏறினார். ஓட்டுநர் காய்கறிக்காரரைப் பக்கத்து இருக்கையில் திணித்தார்.

"அண்ணே, என் தக்காளி!" என்று கத்தினேன் நான்.

"தக்காளி பிழைச்சுக்கும், நகருங்க!"

ஒலிபெருக்கியை அணைக்கும் பொத்தான் கெட்டுப்போயிருந்ததால், "வெண்டைக்கா, கத்தரிக்கா" என்று கூவிக்கொண்டே அவசர ஊர்தி பறந்தது. வழியில் ஏழு பேர் பையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே பெண் குழந்தை பிறந்துவிட்டது. தராசு இருந்ததால் கையோடு எடையும் போட்டார்கள். மூன்று கிலோ நூறு கிராம். காய்கறிக்காரர் வாழ்க்கையில் முதன்முறையாகச் சரியாக நிறுத்தது அன்றைக்குத்தான்.

அந்த மாதத்தில் பதினோரு பேர் காய்கறியோடு போய்ப் பிழைத்தார்கள். ஆம்புலன்ஸுக்கோ மேலிடத்தின் விருது கிடைத்தது. பாதி வழியில் நின்றதில்லை, ஒரு தடவைகூடத் தாமதமாகப் போனதில்லை என்று பாராட்டுப் பத்திரம் சொன்னது. தெருவே குடும்பம் குடும்பமாக வந்து வண்டி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. நானும் சட்டை மாற்றிக்கொண்டு போய் நின்றேன்.

பிறகு ஒரு நாள் அதிகாரியின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். அதிகாரி நிலையத்துக்குப் போன் செய்தார். எடுத்தது நர்சம்மா.

"நம்ம வண்டி எப்படிம்மா இருக்கு?"

"நூற்றுக்கு நூறு, சார். அனுப்பட்டுமா?"

அந்தப் பக்கத்திலிருந்து "மாப்பிள்ளை, உயிர் போகுதே!" என்ற குரல் மட்டும் கேட்டது.

"வேண்டாம்மா," என்று அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அந்த... காய்கறி வந்துட்டுதா?"

மாமியார் ஒன்பது நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதிகாரி நெகிழ்ந்துபோனார். நன்றி மறப்பவர் அல்லர். அடுத்த வாரமே காய்கறிக்காரரின் வேனுக்குத் தயார்நிலை அங்கீகாரம் வாங்கி வந்தார். மூட்டைகளை இறக்கி, டயரைக் கழுவி, ஆம்புலன்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நூற்றுக்கு நூறு. நாங்கள் கை வலிக்கத் தட்டினோம். காய்கறிக்காரர் மறுநாளிலிருந்து தள்ளுவண்டிக்கு மாறினார்.

அவர் மாறிய அன்றே போன் வந்தது. தையல்காரருக்கு நெஞ்சு வலி. ஓட்டுநரும் நர்சம்மாவும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அவர்களைக் கண்டதும் பால்வண்டிக்காரர் வந்த வழியே திரும்பினார். சலவைக்காரர் தன் வண்டியை உள்ளே தள்ளி ஷட்டரை இறக்கினார். கடைசியில் என் கேட்டைத் தட்டினார்கள்.

"அண்ணே, கார் சாவி குடுங்க. பத்து நிமிஷம்!"

"ரிப்பேர்," என்றேன். அப்போதுதான் கடைக்குப் போய்வந்திருந்தேன். இன்ஜின் சூடு ஆறவில்லை.

தையல்காரரைத் தள்ளுவண்டியில் கிடத்தி, ஓட்டுநரும் காய்கறிக்காரரும் தள்ளிக்கொண்டே ஓடினார்கள். நர்சம்மா பக்கத்திலேயே கையைப் பிடித்தபடி ஓடினார். தையல்காரர் கெட்டி உயிர். பிழைத்துக்கொண்டார்.

தெரு கொதித்துப்போயிற்று. "ஒரு உயிருக்கு ஒரு வண்டி இல்லையா? இந்த அதிகாரிகளுக்கு மனசாட்சியே கிடையாதா?" என்று ஆளாளுக்குக் கத்தினோம். மனு எழுதினோம். முதல் கையெழுத்து என்னுடையது. மறுநாள் காலை அஞ்சு பேர் தலைமை அலுவலகத்துக்கே போய் நேரில் கொடுத்துவிட்டு வந்தோம்.

அஞ்சு பேரும் என் காரில்தான் போனோம்.