புது பிரேக்கும் பதினோரு மணி நேர்காணலும்

மெக்கானிக்கின் விரல் பட்டாலே தன் கார் கெட்டுவிடும் என்று நம்பும் ஓர் இனம் உண்டு. பகலெல்லாம் அலுவலகத்தில் கோப்பு புரட்டி, மாலையில் நான்கு வீடியோ பார்த்து, நடுவில் உதிரிபாகக் கடைக்காரனிடம் இரண்டு வார்த்தை வாதாடி, கடைசியில் பந்தயம் ஓட்டுகிறவர்களே தங்களிடம் வந்து யோசனை கேட்க வேண்டும் என்கிற தோரணைக்கு வந்துவிடுவார்கள். வேகத்துக்கென்றே செய்த கார்தான். போவதென்னவோ காய்கறிக் கடைக்கு.

அப்படி ஒருவருக்குத்தான் நம் கதையின் நர்ஸ் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அன்று பதினோரு மணிக்கு அவளுக்கு நேர்காணல். தலைமை நர்ஸ் பதவி. ஆறு வருஷக் காத்திருப்பு. ஒன்பதரைக்கே கிளம்பித் தயாராக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். போவதற்கு அல்ல, பிரேக் மிதிப்பதற்கு.

முந்தின நாள் கணவர் முன் சக்கரங்களுக்குப் புது சிவப்புக் காலிப்பர் மாட்டியிருந்தார். பிரேக் போட்டதும் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற சமாசாரம். மாட்டும்போது உள்ளே காற்று புகுந்துவிடும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் காலிப்பரில் இருக்கும் நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து மூட, பிரேக் ஆயிலோடு அந்தக் காற்று வெளியேற வேண்டும்.

"மிதி!"

"மிதிச்சாச்சு."

"அப்படியே பிடி! ம்... இப்ப விடு!"

நாற்பது தடவை. இரண்டு டப்பா ஆயில் காலி. காற்று போனபாடில்லை, பெடல் தலையணை மாதிரி அமுங்கியது. தப்பு யாருடையது? கேட்க வேண்டுமா?

"நீ சரியா மிதிக்கலம்மா. கால்ல ஒரு தாளம் வேணும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, நிப்பிள் ஏன் அடியில இருக்கு? காத்து மேலதானே ஏறும்? நாங்க ஊசியக்கூட நிமித்திப் பிடிச்சுத்தான் காத்த வெளியேத்துவோம். இடது வலது மாத்தி மாட்டிட்டீங்களா?"

"இது ஊசி இல்லம்மா, பந்தய ரகம். நீ உக்காரு, அஞ்சே நிமிஷம்."

இந்த இனத்தின் ஐந்து நிமிஷத்தில் ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும். அவள் வாடகைக் கார் பிடித்துப் போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் அவர் என்ன செய்தார் என்கிறீர்கள்? தெருவை இரண்டு பக்கமும் நோட்டம் விட்டு, சத்தமில்லாமல் காலிப்பர்களைக் கழற்றி இடம் மாற்றினார். பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்து மிதிக்க வைத்தார். பத்தே மிதியில் காற்று போயிற்று. "எல்லாம் அனுபவம் சார்," என்று அவரிடம் சொல்லிக்கொண்டார்.

மாலையில் அவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "ஏங்க, கிடைச்சிடுச்சு! திங்கக்கிழமையிலேர்ந்து நான்தான் தலைமை நர்ஸ்!"

"ம்... முதல்ல வந்து பெடல மிதிச்சுப் பாரு. கல்லு மாதிரி நிக்குது! திடீர்னு எனக்கு ஒரு யோசனை தோணுச்சு..."

அவளுக்கு அழுகைதான் வந்தது. கைப்பையைக்கூட வைக்காமல் நின்றாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் அந்த மாதிரி கார் இல்லை, சரி. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாரோ உங்களிடம் இரண்டு தடவை ஏதோ சொன்னார்களே, நீங்களும் "ம்" என்றீர்களே, அது என்ன?