மாப்பிள்ளை விட்டுப்போன இறாலின் மறைவு குறித்து

சேசு மரி சூசை

பெரம்பலூர்,
18-7-84.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அமலதாஸ் அவர்களுக்கு, அத்தை தெரசம்மாள் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். வீட்டு வேலைக்கு இருக்கும் கொளஞ்சியம்மாள் நலம். அங்கு பம்பாய்ப் பயிற்சி முடித்துத் திரும்பியிருக்கும் தாங்களும், தங்கள் தாயாரும், மசக்கை தெளிந்த என் மகள் பிலோமினாவும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நலமில்லாமல் போனது ஒன்றே ஒன்று. ஈஸ்டர் விடுமுறையில் தாங்கள் என் கூடத்தில் கண்ணாடித் தொட்டியோடு இறக்கி வைத்துவிட்டுப் போன அந்த இறால் சென்ற வாரம் காலமானது. தங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறேன். துக்கம் கொஞ்சம் ஆறிய பிறகு மேற்கொண்டு படிக்கவும்.

தாங்கள் கல்லூரியில் கடல் உயிரினங்களைப் பற்றிப் பாடம் நடத்துபவர். பம்பாய்ப் பயிற்சிக்குப் போகுமுன் அதைத் தூத்துக்குடியில் தங்கள் தாயாரிடமே விட்டிருக்கலாம். விட்டால் அவர் மசாலா தடவிவிடுவார் என்று பயந்து, ரயில்கூட எட்டிப் பார்க்காத பெரம்பலூருக்கு, பஸ் கூரையில் கேன் கேனாகக் கடல்தண்ணீரோடு கொண்டுவந்தீர்கள். வந்த இடத்தில், தலைப்பிரசவத்துக்கு என் மகளை அனுப்பி வையுங்கள் என்று முறைப்படி கேட்டேன். தாங்கள் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "இந்த ஊர்ல என்ன வசதி இருக்குது அத்தை? ஒண்ணு செய்யுங்க. நான் திரும்பி வர்ற வரைக்கும் இதை உசிரோட வச்சிருந்து, நல்லதா ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்க. அப்புறம் பிலோவை நம்பி அனுப்பறேன்." தாங்கள் வேடிக்கைக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் கான்வென்டில் எனக்குப் பாடம் சொன்ன மதர் பெர்னடெத், பெரியவர்களிடம் வேடிக்கைக்குக் கொடுக்கும் வாக்கு என்று ஒன்று இருப்பதாகச் சொல்லித் தரவில்லை. ஆகவே அன்றிலிருந்து அந்த ஜந்துவை, என் மூன்று பிள்ளைகளுக்கும் காட்டாத அக்கறையோடு கவனித்தேன்.

அதன் அழகை மறுக்க மாட்டேன். விரல் நீளம்தான், பச்சை, சிவப்பு, நீலம் என்று திருவிழாச் சப்பரம்போல உடம்பு. தண்டின் மேல் இரண்டு கண்கள். ஒன்று சமையலறையைப் பார்க்கும்போது மற்றொன்று வாசலைப் பார்க்கும். ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் நோட்டம் விடும் திறமையை இதுவரை தங்கள் மூத்த அக்காவிடம் மட்டுமே கண்டிருக்கிறேன். முன்னால் இரண்டு கைகளை மடக்கி வைத்திருக்கும், கும்பிடுவதுபோல. கும்பிடுகிறதே என்று நம்பித்தான் கொளஞ்சியம்மாள் விரலை விட்டாள். "ஆத்தாடி! சுத்தியால அடிச்சாப்புல இருக்குதுங்கம்மா!" என்று அலறியவளின் நகம் இன்னும் கறுத்துத்தான் கிடக்கிறது. துணைக்கென்று தாங்கள் விட்டுப்போன மீன்களில் ஒன்றைக் காணோம் என்றதும் பூனையைச் சந்தேகித்தேன். அடுத்ததும் காணாமல் போனபோது கொளஞ்சியம்மாளைச் சந்தேகித்தேன். "நான் தின்னா கொளம்பு வச்சுல்லங்க தின்னுவேன்? வூட்டுல மீன் வாசம் வந்துச்சா?" என்று கேட்டாள். நியாயமான வாதம். கடைசி மீனும் போன பிறகுதான் துணை வேண்டாதவர் யார் என்று புரிந்தது.

காற்று மோட்டாரை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்று சொல்லிப் போனீர்கள். மின்சார வாரியத்திடம் அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். கரண்டு போகும்போதெல்லாம் கொளஞ்சியம்மாள் சைக்கிள் பம்பை எடுத்து, ரப்பர்க் குழாயைத் தண்ணீருக்குள் விட்டு அடித்துக்கொண்டிருப்பாள். நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பேன். அது ஒரு கண்ணால் அவளையும் ஒரு கண்ணால் என்னையும் பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பாட்டுக்கு வயல் நண்டு. வெள்ளிக்கிழமை விரதமென்று நான் கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, திரு இருதயப் படத்தின் கீழேயே அது நண்டை உடைத்துத் தின்னும். இத்தனையும் போதாதென்று, அலங்காரத்துக்காக அரியலூர்ச் சுண்ணாம்புக் குழியிலிருந்து ஒரு கல் நத்தையைப் பொறுக்கி வந்து போட்டீர்களே, என்றைக்கோ இங்கே கடல் இருந்தபோது செத்துக் கல்லாய்ப் போன நத்தை, அதை உணவென்று நம்பி நாள் முழுக்க டொக், டொக் என்று அடித்துக்கொண்டிருந்தது. என்ன அடித்தாலும் கல் திறக்காது என்று அதற்கும் தெரியவில்லை. என் வீட்டை விற்றுவிட்டுத் தூத்துக்குடிக்கு வரச்சொல்லிக் கடிதத்துக்குக் கடிதம் எழுதும் தங்களுக்கும் தெரியவில்லை.

அடுத்தது போட்டோ. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருக்கும் ராசாங்கத்தை வரவழைத்துத் தாங்கள் கொடுத்த கலர் பிலிமை ஒப்படைத்தேன். அவர் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, "தலைய லேசா நிமித்துங்க... அவ்வளவுதான்... இங்க பாருங்க... அசையாதீங்க..." என்றார். இத்தனை மரியாதை எனக்குக்கூடக் கொடுத்ததில்லை. இங்கே பாருங்க என்றால் எந்தக் கண்ணால் பார்ப்பது? பளிச்சென்று விளக்கு அடித்ததும் அது கோபத்தோடு பாய்ந்து வந்து கண்ணாடியில் ஓர் அடி வைத்தது. ராசாங்கம் பின்னால் துள்ளி என் கூஜாவின் மேல் உட்கார்ந்தார். "கல்யாண வூட்டுல மாப்ள மொறைச்சுப் பாத்திருக்கேங்கம்மா. கேமராவ அடிக்க வந்ததில்லைங்க." திருச்சியில் கழுவி வந்த படங்களில், ஒன்றில் கண்ணாடி முழுக்கச் சூரியன். ஒன்றில் சைக்கிள் பம்போடு கொளஞ்சியம்மாள், மிகத் தெளிவாக. ஒன்றில் தண்ணீருக்குள் மூழ்கியவள்போல வாயைத் திறந்துகொண்டு நான். இறாலின் வால் மட்டும் ஒரே ஒரு படத்தில், ஓரமாக.

பத்து நாட்களுக்கு முன் அது சாப்பிட மறுத்தது. பிறகு கூழாங்கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து தொட்டி மூலையில் தோண்டியிருந்த தன் வளையின் வாயை அடைத்துக்கொண்டது. "கோவிச்சுக்கிட்டு கதவச் சாத்திக்கிச்சுங்க. நம்ம மாப்ள பொங்கலுக்கு சாத்திக்கிட்டாருல்ல, அதே மாதிரி" என்றாள் கொளஞ்சியம்மாள். அவளைக் கண்டித்தேன். சென்ற வாரம் ஒரு காலையில் பார்த்தால், கற்களுக்கு வெளியே, கும்பிட்ட கை கும்பிட்டபடி, நிறம் மங்கி, அசைவில்லாமல் கிடந்தது. கரண்டியால் எடுத்தபோது எடையே இல்லை. பட்டினியால் மெலிந்துவிட்டது பாவம் என்று நினைத்தேன். உடனே ராசாங்கத்துக்குச் சொல்லி அனுப்பினேன். இறந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் படமெடுப்பதில் அவருக்கு இணை இந்தப் பக்கத்தில் இல்லை. வந்து பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "இனிமே நம்ம சொன்னாக் கேக்குமுங்க." ஸ்டூடியோவிலிருந்து ஊட்டி ஏரி வரைந்த திரையைக் கொண்டுவந்து, என் வெள்ளைப் பீங்கான் தட்டில் அதைச் சாய்த்து உட்காரவைத்து எடுத்தார். "கண்ணுல ஒளி இல்லியே" என்றேன். "அத விடுங்கம்மா. செத்தவங்க படத்துக்கெல்லாம் நாந்தான் கண்ணத் தொறந்து வரையறேன்." இத்துடன் இணைத்திருக்கிறேன், பாருங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கையால் வர்ணம் தீட்டியது. இரண்டு கண்களும் நேராக நம்மையே பார்க்கின்றன. புருவம் அவராகச் சேர்த்தது.

ரோஜாச் செடிக்கு அடியில் அடக்கம் செய்தோம். ஞானஸ்நானம் பெறாததால் ஜெபம் சொல்லவில்லை. கொளஞ்சியம்மாள் மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வெறும் தொட்டியில் மோட்டார் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எக்காரணம் கொண்டும் என்றீர்கள். இறப்பும் ஒரு காரணம்தானே. விதியை மீறுவது என் வழக்கமில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அத்தை பந்தயத்தில் தோற்றாள் என்று தாங்கள் மகிழலாம். ஒரு மனைவியையும் ஓர் இறாலையும் ஒரே தராசில் வைப்பது படித்தவர் செய்யும் காரியமா? பந்தயம் என்பது சீட்டாட்டக்காரர்கள் பேசும் பேச்சு. அது குடும்பத்துக்குள் செல்லாது. இறால் செத்தது, தன் ஊரை விட்டு இங்கே வந்ததால். என் மகள் தன் ஊரை விட்டு அங்கே வந்தவள். இந்தக் கணக்குப்படி ஆபத்து எந்த ஊரில் என்று தாங்களே யோசிக்கவும். வசதி இல்லை என்கிறீர்களே, இதே ஊர் ஆஸ்பத்திரியில்தான் பிலோ பிறந்தாள். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்க்கும்படிதான் பிறந்தாள். ஏழாம் மாதம் தொடங்கியதும் அவளை அழைத்துவந்து விடுங்கள். இது பந்தயம் அல்ல. ஒரு தாய் கேட்பது.

தங்கள் தாயாருக்கு என் தோத்திரம். மூத்த அக்காவுக்கு வணக்கம். எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் சேரட்டும். பிலோவின் நெற்றியில் என் பெயரால் ஒரு சிலுவை போட்டுவிடவும். தங்களுக்கு மாதாவின் பாதுகாவலும் நல்ல புத்தியும் குறைவில்லாமல் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தை,
தெரசம்மாள் அருளப்பன்

பி.கு.: உறையை ஒட்டப் பசை எடுக்க எழுந்தேன். கூடத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். "அம்மா, செத்தது வந்து அடிக்குதுங்க!" என்று கொளஞ்சியம்மாள் கொல்லைக்கு ஓடினாள். போய்ப் பார்த்தால், வளையை அடைத்த கற்கள் தள்ளிக் கிடக்க, முன்னைவிடப் பெரிதாக, புது வர்ணத்தோடு, கல் நத்தையை அடித்துக்கொண்டிருக்கிறது தங்கள் இறால். நாங்கள் படமெடுத்ததும் புதைத்ததும் அது உரித்து வெளியே தள்ளிவிட்ட சட்டையை! உரிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாடம் நடத்துபவர்தானே? நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்து கண்ணாடியில் ஓர் அடி. தொட்டி பிளந்து, கூடமெல்லாம் கடல்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்ததாக வைத்துக்கொள்ளவும். பந்தயம் என்றால் பந்தயம்தான். வாக்கு மாறுவது படித்தவருக்கு அழகல்ல. உயிரோடு வைத்திருக்கிறேன். படமும் அனுப்பிவிட்டேன். அது சட்டையின் படம்தானே என்று சொல்ல வேண்டாம். தங்கள் கல்யாணப் படத்திலும் பாதிக்குமேல் கோட்டுதான் தெரிகிறது.

செம்பும் பித்தளையும் அதற்கு ஆகாது என்று சொல்லியிருந்தீர்கள். வீட்டில் பிளாஸ்டிக்கில் இருந்தது ஒன்றே ஒன்று. பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று, கண் பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்த குளியல் தொட்டி. மிச்சத் தண்ணீரோடு இப்போது அதில்தான் கும்பிட்டபடி உட்கார்ந்திருக்கிறது. கொளஞ்சியம்மாள் தூர நின்று பம்பு அடிக்கிறாள். சீக்கிரம் வந்து இதை எடுத்துக்கொண்டு, என் மகளை விட்டுவிட்டுப் போங்கள். தொட்டி ஒன்றுதான் இருக்கிறது.