குறுக்கே விழுந்த மரம் உலக இலக்கான கதை

ஒரு காட்டில், அதாவது அதுவரை எந்த மாநாடும் நடந்திராத ஒரு காட்டில், கோமளா என்றொரு காட்டுப்பன்றி வாழ்ந்து வந்தாள். அவள் கணவர் கிழங்கு தேடி அடுத்த மலைக்குப் போனவர். கிழங்கு கிடைத்ததோ என்னவோ, திரும்பி வரவில்லை. அதற்காக கோமளா மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. அந்த மூக்குக்கு வேறு வேலை இருந்தது. அதை வைத்து மண்ணைக் கிளற வேண்டும், குட்டிகளை முட்டி எழுப்ப வேண்டும், மீதி நேரத்தில் அடுத்தவர் விஷயத்தில் நுழைக்க வேண்டும்.

அந்தக் காட்டின் நடுவே ஒரு குட்டை. மலை ஓடையிலிருந்து ஒரு வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வரும். ஒரு நாள் அடித்த சூறைக்காற்றில் பெரிய மருதமரம் ஒன்று சாய்ந்தது. சாய்ந்த மரம் சும்மா கிடக்கக் கூடாதா? வாய்க்காலின் தலைப்பில், இரண்டு பாறைகளுக்கு நடுவே, பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி போய்ச் செருகிக்கொண்டது. தண்ணீர் பக்கத்துப் பள்ளத்தில் கொட்டி வீணாகப் போனது. குட்டை வற்றத் தொடங்கியது.

எருமைகள் வந்து முட்டிப் பார்த்தன. கொம்பு வலித்ததுதான் மிச்சம். கோமளா அடியில் தோண்டிப் பார்த்தாள். அடியிலும் பாறை. ஒரு யானை வந்து தும்பிக்கையால் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது கதை. ஆனால் அந்தக் காட்டில் ஒரு யானையையும் காணோம்.

"எல்லாரும் அனைத்துலகக் காடுகள் பேரவைக்குப் போயிருக்காங்க," என்றது மேலே பறந்த கிளி. "உலகத்துல இருக்கிற எல்லாக் காட்டுக்கும் ஒரேயடியா நல்ல காலத்தைக் கொண்டுவரப் போறாங்களாம்."

"அந்த நல்ல காலம் வர்ற வழியில ஒரு மரம் கிடக்குதேடி!" என்றாள் கோமளா.

குட்டையில் தவளை குருவம்மாவின் தலைப்பிரட்டைகள் கால்கூட முளைக்காமல் சேற்றுத்தண்ணீரில் துடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த கோமளா அதற்குமேல் நிற்கவில்லை. தன் குட்டிகளை எருமை வசம் ஒப்படைத்தாள். குருவம்மாவைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"எங்க போறோம் அக்கா?" என்றாள் குருவம்மா.

"மாநாட்டுக்கு. ஒரு யானையைக் கையோட கூட்டிக்கிட்டு வந்துடலாம்."

மாநாடு நடந்தது ஏரிக்கரைக் காடு ஒன்றில். பனிக்கரடி வந்திருந்தது, மூச்சிரைத்துக்கொண்டு ஏரியிலேயே கிடந்தது. ஒட்டகம் வந்திருந்தது. கங்காருக்கள் பை நிறைய உரைகளோடு வந்திருந்தன. கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நெடுங்காலன் என்ற நாரை அங்குமிங்கும் நடந்தது. அதுதான் பேரவையின் செயலாளர். மேடையில் தலைவர் வீற்றிருந்தார். அவர் வேறு யாருமில்லை, கோமளாவின் காட்டைச் சேர்ந்த வேழமுத்து யானைதான்.

கோமளாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஐயா! நம்ம வாய்க்கால்ல மரம் விழுந்து கிடக்கு. ஒரு எட்டு வந்து இழுத்துப் போட்டுட்டுப் போயிடுங்க. சாயங்காலத்துக்குள்ள திரும்பிடலாம்," என்று கூட்டத்தின் நடுவே நின்று கத்தினாள்.

மாநாடு முழுவதும் திரும்பிப் பார்த்தது. வேழமுத்துவின் கண்கள் கலங்கின.

"கேட்டீர்களா?" என்றார் அவர். "இது ஒரு பன்றியின் குரல் அல்ல. அடித்தட்டின் குரல். அம்மா, உங்கள் மரத்தை நாங்கள் விடப்போவதில்லை. அதை உலக இலக்காக ஆக்கப்போகிறோம்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. கோமளாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவளுக்குப் புல்லரித்தால் முடி ஊசி ஊசியாக நிற்கும். தலையில் இருந்த குருவம்மா "ஆ!" என்று அலறினாள்.

விவாதம் தொடங்கியது.

"மரத்தை 'அகற்றுதல்' என்ற சொல் கடுமையாக இருக்கிறது," என்றது மரங்கொத்தி.

"அந்த மரம் எங்கள் வாழ்வாதாரம்," என்றன கரையான்கள்.

"தண்ணீர், தண்ணீர் என்கிறீர்களே, அதில் அப்படி என்ன அவசரம்?" என்றது ஒட்டகம்.

"எங்க ஊரில் தண்ணீர் கெட்டியாக இருக்கிறது. தீர்மானத்தில் அதற்கும் ஒரு வரி சேருங்கள்," என்றது ஏரிக்குள் இருந்து பனிக்கரடி.

'மரத்தை அகற்றுவோம்' என்பது 'மரத்தை அசைப்போம்' ஆயிற்று. அப்புறம் 'அசைக்க முயல்வோம்' ஆயிற்று. கடைசியில் 'மரம் அசைவதற்கான சூழலை ஊக்குவிப்பது பற்றி அக்கறை கொள்வோம்' என்று வந்து நின்றது. காலக்கெடு என்ன என்று நாரை கேட்டது.

"வரும் தலைமுறைக்குள்," என்றார் வேழமுத்து.

"ஐயா, வரும் தலைமுறை வாலை ஆட்டிக்கிட்டு சேத்துல கிடக்குதுங்க!" என்று கத்தினாள் குருவம்மா.

"வரும் தலைமுறைக்கும் இங்கே பிரதிநிதி இருக்கிறார்! எவ்வளவு மகிழ்ச்சி!" என்றார் தலைவர். அதற்கும் ஒரு கைதட்டல்.

அதன்பின் இடைவேளை. இடைவேளை என்றால் பலாப்பழம். ஒவ்வொரு சுளையும் கோமளாவின் காது அளவு. உண்மையைச் சொன்னால், அவள் கொஞ்ச நேரம் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டாள். "அக்கா, எம் பிள்ளைங்க!" என்று குருவம்மா நெற்றியில் ஓங்கி உதைத்த பிறகுதான் வெட்கப்பட்டு, வாயில் இருந்ததை மட்டும் விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள்.

தீர்மானம் நிறைவேறியது. எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். முள்ளம்பன்றியைக்கூட யாரோ கட்டிப்பிடித்துவிட்டு ஓரமாகப் போய் அழுதார்கள். இலக்குக்கு நீல நிறம் ஒதுக்கப்பட்டது. கோமளாவும் கண்ணீர் விட்டாள். ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

"அப்ப கிளம்பலாமா ஐயா?" என்று வேழமுத்துவிடம் கேட்டாள்.

"எங்கே?"

"மரத்தை இழுக்க."

தலைவர் சிரித்தார். "அம்மா, நாங்கள் இலக்கு வைப்பவர்கள். இழுப்பது செயலாக்கக் குழுவின் வேலை. அந்தக் குழுவை அமைப்பதா வேண்டாமா என்பது அடுத்த மாநாட்டில் முடிவாகும்."

கோமளாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பாய்ந்து முட்டியிருப்பாள். அப்போதுதான் பக்கத்தில் நாரை புலம்புவது காதில் விழுந்தது. "எத்தனை படம் எடுத்தும் ஒன்றும் சரியில்லை. எல்லாரும் பலாச்சுளையோடு இருக்கிறார்கள்."

அவள் குரலைத் தேன் மாதிரி ஆக்கிக்கொண்டாள். "செயலாளர் சார், அந்த மரத்து மேலேயே நின்னு எடுத்தா என்ன? பின்னாடி மலை, பக்கத்துல பாறை. வெளிச்சம் சும்மா அள்ளும்!"

அவ்வளவுதான். 'கள ஆய்வு' என்று பெயர் வைத்துக்கொண்டு மாநாடு மொத்தமும் கிளம்பியது. மருதமரத்தைக் கண்டதும் பிரதிநிதிகள், "இதுவா அது! நேரில் இன்னும் பெரிதாக இருக்கிறதே!" என்று தொட்டுத் தொட்டுக் கும்பிட்டார்கள். பிறகு ஒவ்வொருவராக அதன்மேல் ஏறினார்கள். கங்காருக்கள் ஏறின. ஒட்டகம் ஏறியது. பனிக்கரடி ஏறி, படுத்தே விட்டது. நடுவில் நிற்காவிட்டால் தலைவருக்கு மரியாதை என்ன ஆவது? வேழமுத்துவும் முன்னங்கால்களை எடுத்து மரத்தின்மேல் வைத்தார்.

"எல்லாரும் சிரிங்க!" என்றது நாரை.

மரம் சிரித்தது. அதாவது, நடுவில் பிளந்தது. இரண்டு துண்டாகி, பிரதிநிதிகளோடு சேர்ந்து உருண்டு பள்ளத்தில் விழுந்தது. ஓடைத் தண்ணீர் 'ஹோ' என்று வாய்க்காலில் பாய்ந்தது. குருவம்மா கோமளாவின் தலையிலிருந்து ஒரே தாவாகத் தாவி, தண்ணீரோடு தண்ணீராகப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தாள். எருமைகள் கத்தின. குட்டிகள் குதித்தன. கோமளா ஆனந்தத்தில் தன் வாலையே துரத்திக்கொண்டு வட்டமிட்டாள்.

பள்ளத்தை எட்டிப் பார்த்த நாரையின் முகம் மட்டும் வெளிறியிருந்தது. "தலைவரே, மோசம் போனோம்! இலக்கு நிறைவேறிவிட்டது!"

பள்ளத்திலிருந்து ஏறி வந்த பேரவை அதிர்ந்தது.

"அப்படியென்றால் அடுத்த மாநாடு?" என்றது ஒட்டகம்.

"கடற்கரைக் காட்டில் இளநீரோடு ஏற்பாடு செய்திருந்தோமே!" என்று கங்காரு விசும்பியது.

வேழமுத்து தும்பிக்கையை உதறினார். விறுவிறுவென்று காட்டுக்குள் போனார். முழுசாக ஒரு தேக்குமரத்தைப் பிடுங்கித் தோளில் தூக்கி வந்தார். செயலாக்கக் குழு இல்லை, அடுத்த மாநாடு இல்லை, ஒரு நொடி தயக்கம்கூட இல்லை. கொண்டுவந்து அதே பாறைகளுக்கு நடுவே கச்சிதமாகச் செருகினார். தண்ணீர் நின்றது.

"இனி பயமில்லை," என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "இலக்கு பத்திரமாக இருக்கிறது."

கோமளா வாயைப் பிளந்தாள். குழு வேண்டும் என்று தள்ளிப்போட்ட மரம் தூக்கும் வேலையை, இலக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று வந்ததும் இந்த மனுஷன், சீ, இந்த யானை எப்படிச் செய்துவிட்டது! அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுகைக்கு நடுவே திடீரென்று சிரிப்பும் வந்தது. அவள் விறுவிறுவென்று பாறைமேல் ஏறினாள்.

"பேரவையோரே! நம்ம இலக்கு ரொம்பச் சின்னது. உலகம் நம்மளப் பார்த்துச் சிரிக்கும். நான் ஒரு புது இலக்கு சொல்றேன். உலகின் ஒவ்வொரு வாய்க்காலுக்குக் குறுக்கேயும் ஒரு மரம்! விடுபட்ட வாய்க்கால் ஒன்றுகூட இருக்கக் கூடாது!"

'உலகின் ஒவ்வொரு' என்று யார் சொன்னாலும் கைதட்டியே பழகிய கூட்டம் அது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. பச்சை நிறம் ஒதுக்கினார்கள்.

"என்ன அக்கா இது, குடியைக் கெடுத்துட்டியே!" என்று குட்டையிலிருந்து குருவம்மா கதறினாள்.

கோமளா அவளுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, தேக்குமரத்தைப் பார்த்துக் கவலையோடு உச்சுக்கொட்டினாள். "அடடா, தலைவரே! இங்கதான் ஏற்கெனவே ஒண்ணு கிடக்கே! முதல் நாளே இலக்கு நிறைவேற ஆரம்பிச்சா, மத்த வாய்க்காலும் சட்டுபுட்டுன்னு முடிஞ்சிடாது? அப்புறம் இளநீர் என்ன ஆகும்?"

வேழமுத்து மரத்தைப் பார்த்தார். நாரையைப் பார்த்தார். அடுத்த நொடி தேக்குமரம் காற்றில் பறந்து மலைக்கு அந்தப் பக்கம் விழுந்தது. தண்ணீர் மறுபடியும் 'ஹோ' என்று பாய்ந்தது. ஒட்டகமும் கங்காருக்களும் அவரவர் காட்டுக்குத் தலைதெறிக்க ஓடி, வாய்க்கால்களில் கிடந்த சுள்ளியைக்கூட விடாமல் பொறுக்கி எறிந்தன. உலகமெங்கும் தண்ணீர் தங்குதடையில்லாமல் ஓடியது.

குருவம்மாவின் பிள்ளைகளுக்குக் கால் முளைத்தது. பேரவை வருடந்தோறும் கூடி, 'இலக்கை எட்ட முடியவில்லை' என்று ஆழ்ந்த கவலை தெரிவித்துவிட்டு இளநீர் குடித்தது. கோமளாவை நல்லெண்ணத் தூதராக நியமித்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அதைச் சேற்றில் விரித்துப் படுத்துக்கொண்டு, தேடி வருபவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு இலக்கு எழுதிக் கொடுத்தாள். முயல்களுக்கு 'உலகப் புல் ஒழிப்பு'. தேனீக்களுக்கு 'பூவில்லா பூமி'. புல்லும் பூவும் அமோகமாக விளைந்தன.

ஒரு நாள் புலி வந்தது. நாலா பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அம்மா, 'மான்களைக் காப்போம்'னு ஒரு இலக்கு போட்டுக் குடுங்களேன். ரொம்ப நாளாப் பசி," என்றது.

"அய்யய்யோ, கொஞ்சம் பிந்திட்டீங்களே தம்பி!" என்றாள் கோமளா. "காலையிலதான் மான்கள் வந்து, 'மான் இனத்தை அடியோடு ஒழிப்போம்'னு ஒண்ணு வாங்கிட்டுப் போச்சுங்க."

நீதி: உங்கள் ஊருக்கு நல்லது நடக்க வேண்டுமானால், அது நாசமாகப் போக வேண்டும் என்று உலகத் தலைவர்களை விட்டு ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள், மிச்சத்தை அவர்களுடைய சோம்பேறித்தனம் பார்த்துக்கொள்ளும்.